சந்தா நம்முடையது, "கிடையாது" என்று சொல்லும் அதிகாரம் யாருடையது?

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சம்பளம் கைக்கு வந்து சேருமுன்பே நூற்றுக்கு முக்கால் வீதம், அதாவது 112 ரூபாயும் சில்லறையும், இ.எஸ்.ஐ. சந்தாவாகப் பிடிக்கப்பட்டுவிடுகிறது. முதலாளி தன் பங்காக நூற்றுக்கு மூன்றேகால் வீதம், 487 ரூபாயும் சில்லறையும் கட்டுகிறார். ஆக மாதம் 600 ரூபாய். வருஷத்துக்கு 7,200 ரூபாய். முதலாளி கட்டுகிற பங்கு மட்டும் அவர் மாமனார் வீட்டுச் சீதனமா? அதுவும் நமது கை வியர்வையில் விளைந்ததுதான். பத்து வருஷம் லேத்து மிஷின் முன்னால் நின்றவன் பெயரில் 72,000 ரூபாய் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இவ்வளவும் கட்டியவன் ஒருநாள் மனைவியையோ குழந்தையையோ தூக்கிக்கொண்டு போய் நிற்கிறான். "இந்தச் சிகிச்சைக்கு உனக்குத் தகுதி இல்லை, வெளியே பார்த்துக்கொள்" என்கிறார்கள். ஏன் என்று கேட்க அவனுக்கு எந்த இடம் இருக்கிறது? இதுதான் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

"இந்த நாட்டில் கோர்ட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, அநியாயம் நடந்தால் வழக்குப் போடட்டுமே!" என்று மானேஜ்மெண்டுகளின் தரகர்களும் சர்க்கார் தரப்பு வாய்வீச்சுக்காரர்களும் பதில் சொல்லுகிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, தோழர்களே! கதவுக்கு முன்னால் எத்தனை சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்பதைத்தான் இவர்கள் சொல்வதில்லை.

சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போம்

இ.எஸ்.ஐ. யாருடைய தர்மமும் அல்ல. 1944-ல் பேராசிரியர் அடார்கர் கொடுத்த அறிக்கை, 1948-ல் நிறைவேறிய சட்டம், 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடக்கம், 1955-ல் கோவைப் பஞ்சாலைத் தொழிலாளருக்கு விஸ்தரிப்பு என்று அது வளர்ந்தது. ஒவ்வொரு படிக்கும் பின்னால் தொழிலாளி வர்க்கத்தின் நிர்ப்பந்தம் இருந்தது. ஆகவே இ.எஸ்.ஐ. நம்முடையது. அதைத் திட்டி ஒழிப்பதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு முள்ளைச் செருகி வைத்தார்கள். 57-ஆம் பிரிவு என்ன சொல்லிற்று? கார்ப்பொரேஷனும் மாநில சர்க்காரும் எந்த வகைச் சிகிச்சையை, எந்த அளவில் ஏற்பாடு செய்திருக்கிறார்களோ, அந்த வகையும் அந்த அளவும்தான் தொழிலாளிக்கு உரிமை. அதற்கு மேற்பட்ட எந்தச் சிகிச்சையையும் உரிமையாகக் கேட்க முடியாது என்றது. தனியார் ஆஸ்பத்திரியில் செலவழித்த பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கவும், விதிகளில் இடம் கொடுத்திருந்தாலொழிய, உரிமை கிடையாது என்றது. நியாயத்தைப் பாருங்கள்! சந்தாவுக்கு அளவு உண்டு, தேதி உண்டு, கட்டாவிட்டால் வட்டி உண்டு, அபராதம் உண்டு. சிகிச்சைக்கு மட்டும் அளவு "அவர்கள் ஏற்பாடு செய்கிற அளவு." டாக்டர் போஸ்டைக் காலியாக வைத்தால் அதுவும் ஒரு "அளவு." மருந்து ஸ்டாக் தீர்ந்துபோனால் அதுவும் ஓர் "அளவு."

அடுத்தது 53-ஆம் பிரிவு. வேலையில் கை போனால், விரல் போனால், இ.எஸ்.ஐ. கொடுப்பதை வாங்கிக்கொள், முதலாளி மீது வேறு எந்தச் சட்டத்தின் கீழும் நஷ்ட ஈடு கேட்காதே என்பது அதன் சாரம். பிரஸ் மிஷினில் பாதுகாப்புக் கவசத்தை முதலாளியே கழற்றி வைத்திருந்தாலும் இதே கதைதான். 1997-ல் கேரளத் தொழிலாளி ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது. சந்தா கட்டியதன் பலன் தொழிலாளிக்குக் கிடைத்ததோ இல்லையோ, முதலாளிக்கு முழுக் காப்பும் கிடைத்துவிட்டது!

மூன்றாவது சுவர் 75-ஆம் பிரிவு. இ.எஸ்.ஐ. சலுகை பற்றிய தகராறு எதையும் சாதாரண சிவில் கோர்ட்டு தொடக்கூடாது. தொழிலாளர் இன்ஷூரன்ஸ் கோர்ட்டு என்று தனியாக ஒன்று, அங்கேதான் போகவேண்டும். அதன் தீர்ப்பு பிடிக்காவிட்டால் ஹைகோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் முக்கியமான சட்டப் பிரச்னை இருந்தால் மட்டுமே. தொழிலாளியின் சிறுநீரகம் கெட்டுப்போனது சட்டப் பிரச்னையா, சாதாரண விஷயமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போது சிறுநீரகம் காத்திருக்குமா?

1948-ஆம் வருஷச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அதைக் கரைத்துவிட்டார்கள். மகத்தான சீர்திருத்தம் என்று தம்பட்டம் அடித்தார்களே, இந்தச் சுவர்களை இடித்தார்களா? இல்லை. தனிக் கோர்ட்டும், சிவில் கோர்ட்டுக்குப் போட்ட தடையும் புதிய தொகுப்பிலும் குத்துக்கல்லாக நிற்கின்றன. பழைய வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு!

அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

"அமெரிக்காவைப் பார்! தனியார் இன்ஷூரன்ஸ் எவ்வளவு திறமையாக நடக்கிறது!" என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1974-ல் ஒரு சட்டம் வந்தது. எரிசா என்று அதன் பெயரைச் சுருக்கிச் சொல்லுவார்கள். தொழிலாளியின் பென்ஷனையும் சலுகையையும் காப்பாற்றத்தான் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். கம்பெனி மூலமாக இன்ஷூரன்ஸ் பெறும் தொழிலாளிக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டால், மாகாணச் சட்டப்படி நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1987-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் அதே சட்டத்தைக் காட்டித் தீர்ப்பளித்தது.

டெக்ஸாஸ் மாகாண மக்கள் சும்மா இருக்கவில்லை. சிகிச்சையை மறுத்துத் தீங்கு விளைவித்த இன்ஷூரன்ஸ் கம்பெனி மீது வழக்குப் போடலாம் என்று 1997-ல் தங்கள் மாகாணத்தில் சட்டம் செய்தார்கள். இரண்டு பேர் அந்தச் சட்டத்தின் கீழ் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒருவருக்கு டாக்டர் எழுதிய மூட்டுவலி மருந்தைக் கொடுக்காமல், "முதலில் விலை குறைந்த மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்" என்று கம்பெனி சொல்லிற்று. அவருக்கு வயிற்றில் புண் வெடித்து இரத்தம் போயிற்று. இன்னொரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். இன்னும் சில நாள் படுக்கையில் இருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேளாமல், ஒரே நாளில் போதும் என்று கம்பெனி கணக்கு எழுதிற்று. உடல் கெட்டு அவர் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். 2004-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: மாகாணச் சட்டம் செல்லாது. மறுத்த சிகிச்சையின் விலையைக் கேட்கலாமே தவிர, மறுத்ததால் வந்த கேட்டுக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது!

இதன் பொருளென்ன? நூறு ரூபாய் மருந்தை மறுத்தால், மாட்டிக்கொண்டாலும் நூறு ரூபாய்தான் நஷ்டம். மாட்டிக்கொள்ளாவிட்டால் நூறும் லாபம். எந்தச் செட்டுக் கடைக்காரனும் இந்த வியாபாரத்தைப் பண்ணாமல் விடுவானா? டாலர் தேசத்துச் சட்டமும் நமது 57-ஆம் பிரிவும் ஒரே தறியில் நெய்த துணிகள்.

தொழிலாளி உடைத்த கதவு

இத்தனை சுவருக்கிடையே ஒரு கதவு திறந்திருக்கிறது. அதை எந்த மந்திரியும் திறந்துவைக்கவில்லை. ஒரு தொழிலாளியின் பிடிவாதம் திறந்தது. அரியானாவில் சோனிபட் என்ற ஊர். அங்கே ஒரு தொழிலாளியின் மனைவிக்கு 1993-ல் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் சர்க்கரை வியாதிக்குச் சிகிச்சை நடந்தது. உடல்நிலை தேறுவதற்குப் பதிலாக மோசமாயிற்று. வெளியே பரிசோதித்தபோது நோயையே சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று தெரியவந்தது. அவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். "இ.எஸ்.ஐ. இலவச சேவை; நீ நுகர்வோரே அல்ல" என்று விரட்டினார்கள். ஜில்லாவில் தோற்றார், மாநிலத்தில் தோற்றார், டில்லியில் தேசிய கமிஷனிலும் தோற்றார். அதற்குப் பிறகும் விடவில்லை.

2007 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் நின்றது. சந்தா கட்டுகிறபோது இது எப்படி இலவசமாகும்? சந்தாதான் விலை, ஆகவே இ.எஸ்.ஐ. தொழிலாளி நுகர்வோரே, மருத்துவத்தில் கவனக்குறைவு என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்கு வரலாம், 75-ஆம் பிரிவு அதற்குத் தடையல்ல என்று தீர்ப்பாயிற்று. நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்கை விசாரிக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ளவே சம்பவம் நடந்து பதினான்கு வருஷம்! அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க எத்தனை தொழிலாளிகளால் முடியும்?

2019-ல் நுகர்வோர் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, "இனி மருத்துவம் இதில் வராது" என்று டாக்டர் சங்கத்தார் சிலர் வாதாடினார்கள். 2022 ஏப்ரலில் அதையும் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. ஆகக் கதவு இன்றைக்கும் திறந்திருக்கிறது. நமது எல்லைப் பிரதேசத்துக்கு முக்கியமான ஒரு விஷயமும் புதிய நுகர்வோர் சட்டத்தில் உண்டு: நாம் குடியிருக்கும் ஜில்லாவிலோ வேலை செய்யும் ஜில்லாவிலோ மனுச் செய்யலாம். ஆஸ்பத்திரி பெங்களூரில் இருந்தாலும், கம்பெனியின் தலைமை ஆபீஸ் பம்பாயில் இருந்தாலும், சூளகிரிக்காரர் கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே வழக்கை நடத்தலாம். விலையாகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் தானே பேசலாம்.

ஏட்டில் இப்படி. நடப்பில்? மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. வாய்தா மேல் வாய்தா ஓடுகிறது. நாடு முழுவதும் நுகர்வோர் கமிஷன்களில் தலைவர், உறுப்பினர் பதவிகளை சர்க்கார்கள் காலியாகப் போட்டுவைத்ததால், 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து வழக்கு எடுக்கும்படி ஆயிற்று. நாற்காலியில் ஆளே இல்லாத கோர்ட்டில் தொழிலாளி யாரிடம் முறையிடுவான்? சுவரிடமா?

"நான் மாறலை, கான்ட்ராக்டர்தான் மாறினான்"

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். கம்பெனி பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். சிப்காட்டில் ஒரே பிளாண்டில், ஒரே லைனில், ஆறு வருஷமாக வேலை செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் யூனியன் ஆபீஸுக்கு வந்தார். மனைவிக்கு இருதயத்தில் வால்வு கோளாறு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். நாள் கணக்குப் போதாது என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஆறு வருஷம் வேலை செய்தவருக்கு எப்படி நாள் போதாது? அவர் சொன்னார்: "அண்ணா, நான் எங்கயும் போகலை, மாறலை. கான்ட்ராக்டர்தான் மூணு தடவை மாறினான். ஒவ்வொருத்தனும் எனக்குப் புதுசா ஒரு நம்பர் போட்டான்."

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இருதயம், மூளை, சிறுநீரகம், புற்றுநோய் போன்ற உயர் சிகிச்சைக்கு, இரண்டு வருஷ வேலை என்று முன்பு இருந்த நிபந்தனையை 2018 செப்டம்பரில் குறைத்தார்கள். தொழிலாளிக்கு ஆறு மாத வேலையும் 78 நாள் சந்தாவும். குடும்பத்தாருக்கு ஒரு வருஷ வேலையும் 156 நாள் சந்தாவும் என்று ஆயிற்று. பார்வைக்குச் சின்ன நிபந்தனை. நிரந்தரத் தொழிலாளிக்கு இது ஒரு தடையே அல்ல. ஆனால் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்டுகிற இந்த ஊரில், தொழிலாளி ஒவ்வொரு தடவையும் பிறந்த குழந்தையாகிவிடுகிறான்! சட்டப்படி வேலை மாறினாலும் இன்ஷூரன்ஸ் நம்பர் ஒன்றேதான். பழைய நம்பரைத் தொடரவேண்டியது முதலாளியின் கடமை. இரண்டு நம்பர் இருந்தால் ஒன்றாக இணைக்கலாம். இதை அந்தத் தோழருக்கு யாரும் சொல்லவில்லை. நம்பர்களை இணைக்க மனு எழுதிக் கொடுத்து அலைந்து முடிப்பதற்குள் அவர் ஊரிலிருந்த முக்கால் ஏக்கர் மானாவாரியை அடகு வைத்து ஆபரேஷனை வெளியே செய்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவைக்கவேண்டும். கான்ட்ராக்டர் சந்தாவைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டிருந்தாலும் தொழிலாளியின் உரிமை போகாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அவன் இன்ஷூர் ஆனவன். முதலாளி செய்த தப்புக்கு அவன் பொறுப்பல்ல என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. "உன் கான்ட்ராக்டர் பணம் கட்டவில்லை, போய் வா" என்று கவுண்டரில் சொல்லுகிறவரிடம் இதைச் சொல்லத் தொழிலாளிக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

21,000 ரூபாய்க்கு மேலே

2017 ஜனவரியில் இ.எஸ்.ஐ. சம்பள வரம்பை 21,000 ரூபாய் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அரிசி விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று, பஸ் சார்ஜ் ஏறிற்று. போராடிச் சம்பளத்தையும் கொஞ்சம் உயர்த்தினோம். வரம்பு மட்டும் வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்தது. ஒப்பந்தத்தில் ஆயிரம் ரூபாய் கூடியதும் தொழிலாளி இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே தள்ளப்பட்டு, கம்பெனி எடுக்கும் "குரூப் மெடிக்ளெய்ம்" என்ற வலையில் விழுந்தான்.

அந்த பாலிசியைக் கண்ணால் பார்த்தவர் கையைத் தூக்குங்கள்! பாலிசி கம்பெனியின் பெயரில். நிபந்தனை கம்பெனிக்கும் இன்ஷூரன்ஸ்காரனுக்கும் இடையே. எழுதியிருப்பது இங்கிலீஷில். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இந்தப் பக்கத்துத் தொழிலாளிக்கு ஒரு பிளாஸ்டிக் கார்டு மட்டும். அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வரம்பு என்று உள்ளே ஒரு மூலையில் இருக்கும். ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் அறைதான் காலி என்று படுக்க வைப்பார்கள். அறை வாடகையில் பாதியை மட்டும் வெட்டுவான் என்றுதானே நினைப்போம்? டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை வெட்டுவான். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவி இவற்றில் அப்படி வெட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் பில்லைப் பிரித்துப் பார்த்துக் கேட்கிறவர் யார்?

இது ஏதோ அங்கொன்று இங்கொன்று நடப்பதல்ல. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2023-24 வருஷ அறிக்கையே சாட்சி. அந்த வருஷம் மருத்துவ இன்ஷூரன்ஸில் கேட்கப்பட்ட தொகை சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம் கோடி ரூபாய். கம்பெனிகள் கொடுத்தது சுமார் 83 ஆயிரம் கோடி. நேரடியாக மறுத்தது 10,937 கோடி. நிபந்தனையைக் காட்டி வெட்டித் தள்ளியது சுமார் 15,100 கோடி. மறுத்ததும் வெட்டியதும் சேர்ந்து 26 ஆயிரம் கோடி! இது வழிப்பறியில்லாமல் வேறென்ன? வழிப்பறிக்காரனாவது ரசீது கேட்பதில்லை.

இந்த லட்சணத்தில், 2015-16 மத்திய பட்ஜெட் உரையில் என்ன சொன்னார்கள், நினைவிருக்கிறதா? தொழிலாளி இ.எஸ்.ஐ. அல்லது தனியார் இன்ஷூரன்ஸ் இரண்டில் ஒன்றை "விருப்பப்படி" தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நம்முடைய குறைகளையே ஏணியாக வைத்து இ.எஸ்.ஐ. சந்தாப் பணத்தின் மேல் ஏறிக் குதிக்கப் பார்த்தார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. 2019 ஜூலையில் சந்தாவை ஆறரை வீதத்திலிருந்து நான்கு வீதமாகக் குறைத்தார்களே, தொழிலாளிக்கு ஒரு வீதம் குறைந்தது; முதலாளிக்கோ ஒன்றரை வீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்குத் தலைக்கு 225 ரூபாய். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்கு மாதம் இரண்டேகால் லட்சம் மிச்சம். சிகிச்சைக்குக் காசில்லை, முதலாளிக்குக் கழிவு கொடுக்க மட்டும் காசு உண்டு என்றால், காசு இல்லாமையா இங்கே பிரச்னை?

குரூப் பாலிசிக்காரர்கள் போகக்கூடிய இடம் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். குரூப் பாலிசியில் உள்ளவரும் அங்கே மனுச் செய்யலாம் என்று 2017 விதிகள் சொல்லுகின்றன. கட்டணமில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புத் தரலாம். முப்பது நாளில் நிறைவேற்றாத கம்பெனிக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தண்டம். ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் காத்திருக்கவேண்டும். அதன் பிறகு ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டும். கோர்ட்டுக்குப் போயிருந்தால் இங்கே வரக்கூடாது. தமிழ்நாட்டுக்கு ஆபீஸ் சென்னையில். ஓசூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டர். ஷிப்டு விட்டுவிட்டு இரண்டு நாள் சம்பளத்தைத் தொலைத்துப் போய்வரத் தயங்குகிறவனைக் கோழை என்று சொல்லமுடியுமா? தபாலிலும் கம்ப்யூட்டர் மூலமும் அனுப்பலாம் என்பதை நாம்தான் அவனுக்குச் சொல்லவேண்டும்.

கூலி விவசாயிக்கு "இலவசம்"

தளியிலும் பாகலூரிலும் ரோஜாப் பந்தலுக்குள் மருந்து அடிக்கிற பெண்களுக்கும், ஊத்தங்கரைக் கல் குவாரியில் தூசி தின்னும் மக்களுக்கும், கெலமங்கலத்துத் தக்காளிக் காட்டில் கூலிக்குப் போகிறவர்களுக்கும் இ.எஸ்.ஐ. ஏது? அவர்களுக்கு இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் தொடங்கி, 2012-ல் மாற்றியமைக்கப்பட்டு, 2018-ல் மத்திய சர்க்காரின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. வருஷ வருமான வரம்பை 2022-ல் 72,000-லிருந்து 1,20,000 ரூபாய் ஆக்கினார்கள். பிரீமியத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு சர்க்கார் கட்டுகிறது. எத்தனையோ உயிர்களை இது காப்பாற்றியிருக்கிறது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் "இந்த நோய் லிஸ்டில் இல்லை", "இந்த ஆஸ்பத்திரி லிஸ்டில் இல்லை", "அப்ரூவல் வரவில்லை, முன்பணம் கட்டு" என்றால் கூலிக்காரன் என்ன செய்வான்? பாலிசி அவன் பெயரில் இல்லை. பிரீமியம் அவன் கட்டவில்லை. கலெக்டர் தலைமையில் இருக்கும் ஜில்லாக் குறைதீர்க்கும் கமிட்டிக்கு மனுக் கொடுக்கலாம். அது கோர்ட்டு அல்ல, ஒரு கமிட்டி. வெளி மாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் குடியிருக்கும் தொழிலாளிக்கோ கார்டு ஒரு ஊரில், காய்ச்சல் இன்னொரு ஊரில்.

சர்க்கார் ஆஸ்பத்திரி நோயாளியின் நிலை இதைவிட மோசம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் முடிவு செய்தது. ஜனங்கள் வரி கட்டுகிறார்களே, அது விலையாகாதா என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. சோப்புக்கு வரி, தீப்பெட்டிக்கு வரி, பிஸ்கட்டுக்கு வரி என்று கட்டுகிற கூலிக்காரனைப் பார்த்து, "நீ ஒன்றும் கொடுக்கவில்லை, ஆகவே ஒன்றும் கேட்காதே" என்பதுதான் இதன் அர்த்தம். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வரி நமக்கு உதவும்: நோயாளிக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும் சிகிச்சை இலவச சேவை ஆகாது என்றும் அதிலே சொல்லியிருக்கிறது. முதலமைச்சர் திட்டக் கார்டோடு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு நுகர்வோர் கமிஷனில் வாதாடலாம், வாதாடவேண்டும்.

கூலி விவசாயிகள் சட்டத்தைத் தங்கள் பக்கம் திருப்பிய சரித்திரமும் உண்டு. 1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயக் கூலி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். கல்கத்தாவில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அலைக்கழித்தார்கள். எங்கும் படுக்கை இல்லை. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருடைய சங்கமான பஸ்சிம் வங்க கேத் மஜ்தூர் சமிதி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அவசர நேரத்தில் சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்து தரும் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும், பணமில்லை என்று சர்க்கார் தப்பிக்க முடியாது என்று 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. 25,000 ரூபாய் நஷ்ட ஈடும் கிடைத்தது. தனி ஆளாகப் போயிருந்தால் டில்லி வரை அந்த மனுப் போயிருக்குமா? சங்கம் போயிற்று, அதனால் சென்றது.

இவ்வளவையும் படித்துவிட்டு, "எல்லோரும் வழக்குப் போட்டால் திட்டமே திவாலாகிவிடுமே!" என்று ஒரு குரல் எழும்பும். நல்லெண்ணம் கொண்ட சிலர்கூட இதைக் கேட்பதுண்டு. கொடுக்கவேண்டியதைக் கொடுத்தால் திவாலாகிற திட்டம் என்றால், கொடுக்காமல் இருப்பதை நம்பித்தான் அது நடக்கிறது என்றாகிறது. வழக்கு வேண்டாம் என்பதே நமது விருப்பமும்தான். சீட்டைக் கேட்டவுடன் எழுதிக் கொடுக்கட்டும், கோர்ட்டுப் படியை யார் மிதிக்கப் போகிறார்கள்?

நாம் கேட்பது

சிகிச்சையை மறுக்கும் ஒவ்வொருவரும், அது இ.எஸ்.ஐ.யாகட்டும், தனியார் கம்பெனியாகட்டும், காரணத்தைத் தமிழில் எழுத்து மூலம், கையெழுத்துடன், அன்றைக்கே தரவேண்டும். உயிருக்கு ஆபத்தான கேஸ்களில் முதலில் சிகிச்சை, பிறகு தகராறு என்பது சட்டமாகவேண்டும். மறுத்ததால் வந்த கேட்டுக்கு முழு நஷ்ட ஈடு கேட்கும் உரிமை வேண்டும். சிவில் கோர்ட்டுத் தடை போகவேண்டும். இ.எஸ்.ஐ. சம்பள வரம்பை விலைவாசியோடு சேர்த்து வருஷா வருஷம் உயர்த்தவேண்டும். கான்ட்ராக்டர் மாறினால் நாள் கணக்கு அறுபடக்கூடாது. தலைமை முதலாளியின் பெயரில் அது தொடரவேண்டும். குரூப் பாலிசியின் நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்டவேண்டும். ஆம்பட்ஸ்மன் மாதம் ஒருமுறையாவது ஓசூரில் வந்து உட்கார்ந்து மனு கேட்கவேண்டும். இதில் எது நடக்கமுடியாத காரியம்?

இதற்காகக் கையெழுத்து இயக்கம் ஆலை வாசல்களிலும், சந்தைக் கூடும் ஊர்களிலும் நடக்கவேண்டும். அதற்கிடையே ஒவ்வொரு தோழரும் செய்யவேண்டியது உண்டு. கவுண்டரில் "கிடையாது" என்றால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நீங்களே ஒரு வெள்ளைக் காகிதத்தில் தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். டாக்டர் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில், சம்பளச் சீட்டு, பழைய இன்ஷூரன்ஸ் நம்பர்கள் எதையும் தூக்கி எறியாதீர்கள். நுகர்வோர் கமிஷனுக்குக் கெடு இரண்டு வருஷம்; ஆம்பட்ஸ்மனுக்கு ஒரு வருஷம். மறுக்கப்பட்டவர்களுக்குக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட காகிதம் கையில் உள்ளவர்கள் இரண்டு நகலோடு உடனே யூனியன் ஆபீஸுக்கு வரவும். கெடு நெருங்கிவிட்ட மனுக்களை முதலில் எழுதுவோம்.